தானாக வேகாத சோறு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் காதில் கடைசியாக ஓதியவர் சொன்னதே அவருக்கு வேதவாக்கு. அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்தவர் மந்திரி மழவராயர்.

மழவராயருக்கு அரண்மனை விதூஷகன் விடங்கனைக் கண்டாலே ஆகாது. விடங்கனின் மனைவி நாச்சி அரண்மனைத் தறிக்கூடத்தில் நெய்பவள். காலையில் அவள் தறிக்குப் போவாள், அவன் உலை வைப்பான். மாலையில் அவன் சபைக்குப் போவான், அவள் அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். அவள் கூலியில் அரிசி, பருப்பு, எண்ணெய். அவன் சம்பளத்தில் பிள்ளைகளின் துணிமணி, வைத்தியர் செலவு. குடும்பம் அப்படித்தான் ஓடியது.

ஒருநாள் சபையில் மழவராயர் ஆரம்பித்தார். "மகாராஜா, புருஷன் சம்பாதிக்கிற வீட்டில் பெண்ணுக்குத் தனிக் கூலி எதற்கு? தறிக்கூடப் பெண்களை அனுப்பிவிட்டால் கஜானாவுக்கு லாபம். நம் விடங்கனும் அடுப்பூத வேண்டியிருக்காது."

"மகாராஜா, வெளியிலும் வேலை, வீட்டிலும் வேலை. இரண்டையும் நாங்கள் பங்குபோட்டுச் செய்வதால்தான் கட்டுப்படியாகிறது" என்றான் விடங்கன்.

ராஜா சிரித்தார். "வீட்டில் என்ன பெரிய வேலை? அதுபாட்டுக்குத் தானாக நடக்கும். வெள்ளிக்கிழமை முதல் ஒரு வீட்டுக்கு ஒரு கூலிதான். நாளை மந்திரியோடு உன் வீட்டுக்கு விருந்துண்ண வருகிறேன்."

"தங்கள் வாக்குப்படியே நடக்கட்டும்" என்று விடங்கன் வணங்கினான்.

வீட்டில் நாச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. "கூலி நின்னுட்டா பிள்ளைங்களுக்கு எதைப் பொங்கிப் போடுவேன்? நீங்க சிரிக்க வச்சா உலை கொதிச்சிடுமா?"

"கொதிக்காது. அதைத்தான் ராஜா வந்து பார்க்கணும்" என்றான் அவன்.

மறுநாள் உச்சிவேளையில் ராஜாவும் மந்திரியும் வந்து இலைமுன் அமர்ந்தார்கள். இலையில் உமியோடு நெல், காம்போடு கத்தரிக்காய், கொட்டையோடு புளி. விடங்கனும் நாச்சியும் கைகட்டி நின்றார்கள்.

"சாப்பாடு எங்கே?" என்றார் ராஜா.

"காலையிலிருந்து நாங்களும் காத்திருக்கிறோம், மகாராஜா. நெல் இன்னும் தானாகக் குத்திக்கொள்ளவில்லை. தங்கள் உத்தரவை அடுப்பிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன்."

"இது அவமதிப்பு. உடனே போய்ச் சமை" என்று சீறினார் மழவராயர்.

"நான் சமைத்தால் அது தானாக நடந்தது ஆகாதே, மந்திரியாரே. ராஜ வாக்கைப் பொய்யாக்கச் சொல்கிறீர்களா?"

ராஜாவுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. "சரியப்பா, வேலைதான். ஒப்புக்கொள்கிறேன். யாராவது செய்யுங்கள்."

"எங்கள் வீட்டில் வேலை என்றால் எல்லோருக்கும் பங்கு உண்டு, மகாராஜா."

ராஜா கண்ணைக் காட்டினார். உலக்கை மழவராயர் கைக்குப் போயிற்று. அரைமரக்கால் நெல் குத்துவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ராஜாவே புளியில் கொட்டை எடுத்தார். நாச்சி அடுப்பைப் பற்றவைத்தாள், விடங்கன் காய் நறுக்கினான். பொழுது சாயும்போதுதான் சோறு இலைக்கு வந்தது.

ரசத்தை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு ராஜா சொன்னார்: "உத்தரவு ரத்து. தறிக்கூடத்தில் எல்லோருக்கும் முன்போலவே கூலி உண்டு."

நாச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விடங்கனுக்கு முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்த ராஜா, "உனக்கு என்ன வேண்டும், அம்மா?" என்று அவளைக் கேட்டார்.

"கூலி கிடைச்சதே போதும், மகாராஜா. ஆனா சாப்பிட்ட இலை கிடக்கு. அதுவும் தானா எழுந்து போகாது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார். மழவராயரும் தம் இலையோடு பின்னால் போனார்.