எஞ்சினுக்கு அப்பிய சந்தனம்

“அம்மா, இந்த எஞ்சினைக் கார்ல பூட்டலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க!”

குட்டியானை சரக்கு வண்டியை நிறுத்தின வேகத்தில் மருதாசலம் குதித்தே இறங்கிவிட்டார். அறுபது வயசு ஆள் குதிக்கிற குதியா அது!

பூங்கோதையம்மா மடத்து வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மருதாசலத்தைவிடப் பதினைந்து வயசு இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு இவர்தான். பம்புசெட் வியாபாரத்தில் ஒருத்தர் பேச்சையும் கேட்காத மனுஷன், இங்கே வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

இன்றைக்குக் கை கட்டவில்லை. கால் தரையில் பாவவே இல்லை.

“ஏனுங்ணா, இத்தனை அவசரம்?”

“எங்கப்பாவோட காருங்கம்மா! எஞ்சின் இல்லாம, கோழி முட்டை வெக்கிற எடமாக் கெடந்துச்சுங்க. அதுக்கு அச்சு அசலா அதே எஞ்சின் காயலான்கடையில கெடைச்சிருச்சு! ஞாயித்துக்கெழமை பழைய கார் ஊர்வலம். அப்பா இப்பவே வேட்டிக்குக் கஞ்சி போட்டு வெச்சிருக்கறாரு. தொண்ணூறு வயசுங்க. அடுத்த ஊர்வலத்துக்கு அவரு...”

துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பறம் என்ன? பூட்ட வேண்டியதுதானே.”

“எங்கிருந்து வந்ததுன்னு தெரியலைங்க. காயலான்கடைக்காரன் கேட்டா மழுப்பறான். திருட்டு மாலோ என்னமோன்னு மனசு அடிச்சுக்குது.”

“நம்பர் அடிச்சிருக்குமே, பாத்தீங்களா?”

“அட, அதையெல்லாம் எங்கீங்க பாக்கறது! பூஜை போட்டு, பொட்டு வெச்சு, அப்படியே ஏத்திட்டு வந்துட்டேன்.”

தார்ப்பாயை இழுத்தார். எஞ்சின் பளபளத்தது. உச்சியில் சின்னதாக ஒரு பொட்டு, நடுவில் குங்குமம். பக்கவாட்டில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தது.

அம்மா அதைப் பார்த்தார்.

“ஓடுமா?” என்றார். அவருக்கும் ஆசை தாங்கவில்லை.

ஓடுமாவா! பேட்டரியும் பெட்ரோல் கேனும் கையோடு வந்திருந்தன. எஞ்சின் இரண்டு தடவை இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள், மடத்துக் கூரை ஓடெல்லாம் கலகலத்தது! அம்மா கீரையைப் போட்டுவிட்டுக் கைதட்டிச் சிரித்தார். மருதாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை.

“எங்கப்பாவைத் தெரியுமில்லீங்க? இந்தச் சத்தத்தைக் கேட்டா எந்திரிச்சு ஓடியே வந்துருவாரு!”

எஞ்சின் சூடேறியது. சந்தனம் காய்ந்து வெடித்தது. பொலபொலவென்று உதிர்ந்தது.

அடியில் நம்பர் இல்லை. நம்பர் இருந்த இடத்தை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள்.

மருதாசலம் சட்டென்று உள்ளங்கையால் அந்த இடத்தைப் பொத்தினார்.

“ஐயோ!”

சூட்டில் கை கொப்புளித்துப்போனது.

அம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு சின்னக் கிண்ணத்தில் அரைத்த சந்தனத்தோடு வந்தார்.

“கொஞ்சந்தான் இருக்குதுங்ணா. எஞ்சினுக்கா, கைக்கா?”

மருதாசலம் கிண்ணத்தைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். அது இன்னும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

எஞ்சினை நிறுத்தினார்.

கையை நீட்டினார். அம்மா குளுகுளுவென்று பூசிவிட்டார்.

“வாங்கின அன்னைக்கே பாத்துட்டேனுங்கம்மா,” என்றார், தலையைத் தூக்காமலே.

“ம்.”

“போலீஸ் ஸ்டேசன்ல எறக்கிட்டு வந்தர்றேனுங்க. பறிகொடுத்தவன் எங்கயாச்சும் இருப்பான்.”

“ம்.”

வண்டியில் ஏறப் போனவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“கஞ்சி போட்ட வேட்டியோட உக்காந்திருக்கறாருங்க. ஞாயித்துக்கெழமைக்கு நான் என்னத்தைச் சொல்லுவேன்?”

பூங்கோதையம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

“அப்பாவைக் கார்ல முன்சீட்டுல உக்கார வைங்க. ஸ்டீயரிங்கை நீங்க புடிங்க. பின்னால தள்றதுக்கு நான் வர்றேன்.”