தூங்காத கொப்பு

"அடிச்ச ஆணியை எப்படிக்கா கழத்துறது?"

ஆறு மாதமாக நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்த கேள்வி. கேட்டுவிட்டுச் செவனம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒச்சம்மா வெயிலில் உட்கார்ந்து உடுக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் அவள்தான் கோடாங்கி. பேய் பிடித்தவர்களின் உச்சிமுடியை அறுத்து, ஆணியில் சுற்றி, ஊர்க்கோடிப் புளியமரத்தில் அடிப்பாள். பிடித்தது அங்கேயே நின்றுவிடும். செவனம்மா அவளிடம் அந்த வேலையைப் படிக்கிறவள்.

"அடிக்கத்தானடி படிக்க வந்த?"

"ஆமாக்கா."

"பேயோட்டத் தெரிஞ்சா மாமியாரைச் சமாளிச்சிரலாம்னு வந்திருக்கன்னு நெனச்சேன்."

செவனம்மா சிரிக்கவில்லை. இடுப்பில் ஏழு மாதத்து ராக்கு, அம்மாவின் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"யாரு ஆணி?"

"என்னோடது."

ஒச்சம்மா உடுக்கையைக் கீழே வைத்தாள்.

ராக்குவுக்கு முந்தி ஒரு பிள்ளை. பதினோரு நாள் இருந்தது. போன பிறகும் அந்தியானால் செவனம்மாவுக்கு அழுகைச் சத்தம் கேட்டது. வெறும் தொட்டிலை ஆட்டினாள். சோறு இறங்கவில்லை. அது இவளைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்கிறது என்று வீட்டார் இங்கே கூட்டிவந்தார்கள். ஒச்சம்மா ஆணி அடித்தாள். அன்றைக்கே சத்தம் நின்றது.

"நல்லாத்தானே இருக்க? அடுத்தது பெத்துட்ட. ரெண்டு வேளை திங்குற."

"முகம் மறந்துபோச்சுக்கா."

"எது முகம்?"

"அதோட முகம். ஆணி இறங்கின அன்னைக்குப் போனது. நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், சுத்தின துணிதான் தெரியுது. துணிக்குள்ள ஒண்ணும் இல்ல."

ஒச்சம்மா விரல்விட்டு நாள் எண்ணினாள்.

"இன்னைக்குப் பங்குனிப் பௌர்ணமி. புளி துளிர்க்கிற காலம். நெலா முழுசா ஏறயில மரம் பிடி தளர்த்தும். வருசத்துக்கு ஒருக்கத்தான். பொழுது சாய வா. கொறடு நான் எடுத்தாரேன்."

*

அந்த மரத்துக் காயை யாரும் உலுக்குவதில்லை. பழம் அடியில் உதிர்ந்து கிடந்தது. எறும்புகூட மொய்க்கவில்லை. தூரைச் சுற்றிலும் ஆணிகள். சிலதில் முடி இன்னும் கருப்பாக இருந்தது.

"இதுல எது அக்கா என்னோடது?"

"யாருக்குத் தெரியும்."

"நீங்கதானே அடிச்சீங்க?"

"நான் அடிச்சேன். மரம் முழுங்கிருச்சு. பட்டை மூடியிருக்கு பாரு. தெரியாம வேற எவ ஆணியையும் கழத்திறாத. விடியயில எந்த ஊருக் கெழவனோ உன் அடுப்படியில உக்காந்து வெத்தலை கேப்பான்."

"பெறகு எப்படிக்கா?"

"இரு. தூங்கட்டும்."

"யாரு?"

ஒச்சம்மா மேலே கையைக் காட்டினாள்.

சூரியன் இறங்கியது. எதிர்ப்பக்கம் நிலா வந்தது, மஞ்சளாக, கைக்கு எட்டுவதுபோல. புளிய இலைகள் ஜோடி ஜோடியாக மூடத் தொடங்கின. தினமும் அந்தியில் மூடுகிறவைதான். ஆனால் அன்றைக்குக் காற்றே இல்லை. மரம் முழுக்க ஒரு சரசரப்பு, நூறு பேர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது போல.

பிறகு சத்தமில்லை.

ராக்கு மேலே பார்த்துக் கையை நீட்டினாள். யாரையோ கண்டதுபோலச் சிரித்தாள்.

ஒரு சின்னக் கொப்பு. வெளிர்சிவப்பாய்த் துளிர்த்திருந்தது. அதன் இலைகள் மட்டும் விரிந்தே இருந்தன.

"ஒண்ணு முழிச்சிருக்கு" என்றாள் ஒச்சம்மா.

செவனம்மா அதன் கீழே போனாள். பட்டையில் தொப்புள் மாதிரி ஒரு குழி. அவள் இன்னும் தொடவில்லை, அதற்குள் ரவிக்கை நனைந்துவிட்டது. ராக்குவுக்கு இப்போதுதான் பால் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

ஒச்சம்மா குறடை அவள் கையில் வைத்தாள்.

"கழத்து. நான் தடுக்க மாட்டேன்."

"வந்துருமாக்கா?"

"வரும்."

"என்னைத் தேடியா?"

"பாலைத் தேடி."

செவனம்மா இடுப்பைப் பார்த்தாள்.

"அப்ப இவளுக்கு?"

ஒச்சம்மா கிட்டே வந்தாள். இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். பத்தடி தள்ளிப் போய், ராக்குவைத் தோளில் சாய்த்து, மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

செவனம்மா குறடைக் குழிக்குள் விட்டாள். இரும்பு இரும்பில் பட்டது. கொப்பு லேசாக ஆடியது.

ராக்குவின் சிரிப்பு நின்றது. அழுகையும் இல்லை.

"அக்கா, ராக்கு என்ன செய்றா?"

"பாக்குறா."

"எதை?"

"உன்னை."

குறடு ஆணியைப் பிடித்திருந்தது. ஒரு இழுப்புதான்.

செவனம்மா கையைத் தளர்த்தினாள். குறடு மண்ணில் விழுந்தது.

ரவிக்கையை விலக்கினாள். தூரோடு சாய்ந்து, அந்தக் குழிக்குள் பாலைப் பீய்ச்சினாள். வாயில் சொல் எதுவும் வரவில்லை, வெறும் ம்… ம்… என்று ஒரு ராகம். உடம்பு பழக்கத்தில் தானாக ஆடியது. ஒரு சொட்டுகூட வெளியே வழியவில்லை. பட்டை குடித்துக்கொண்டே இருந்தது.

தலைக்கு மேலே ஒரு ஜோடி இலை மூடியது. இன்னொரு ஜோடி. கடைசி ஜோடி கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது.

அதுவும் மூடியது.

பின்னால் ராக்கு கொட்டாவி விட்ட சத்தம் கேட்டது.

செவனம்மா நகரவில்லை. நெற்றியை மரத்தில் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"அக்கா."

"ம்."

"இடது காது மடங்கியிருக்கும்க்கா. மேல் விளிம்புல. நீவி நீவி விடுவேன், திரும்ப மடங்கிக்கிரும்."

ஒச்சம்மா திரும்பவில்லை.

"யாருக்கு?"

"என் மூத்தவனுக்கு."