தோண்டிப் பார்க்காத பாத்தி

பெண் சின்னான் குருவிக்கு அன்று வந்த கோபம் அதன் உடம்பைவிடப் பெரியது. காட்டு விலங்குகள் எல்லாம் கூடியிருக்க, முள்ளம்பன்றி அதைப் பார்த்து, "இவள்தான் திருடி" என்றது.

திருட்டுப் போனதாகச் சொல்லப்பட்டது தூதுவளை விதை. அந்தக் கோடையில் காட்டிலிருந்த தூதுவளைக் கொடிகள் எல்லாம் கருகிவிட்டன. கருகும் முன் பறித்த சிவந்த பழங்களை முள்ளம்பன்றி பாத்தி கட்டி, ஒரு முழ ஆழத்தில் முழுசு முழுசாகப் புதைத்து, மேலே மிதித்து இறுக்கியது. மழை நன்றாகவே பெய்தது. பாத்தியில் ஒரு தளிர்கூடத் தலைகாட்டவில்லை. கரடியின் குட்டியோ இருமி இருமிச் சுருண்டு கிடந்தது. தூதுவளை இலைதான் அதற்கு மருந்து.

"கொடியில் இருந்தபோதே இவள் பழம் கொத்தினாள். பாத்தியையும் இவள்தான் கிளறியிருப்பாள்" என்றது முள்ளம்பன்றி.

"கொடியில் தொங்கியதைத் தின்றேன், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு முழ ஆழத்துக்கு என் அலகு எட்டுமா? தோண்டிப் பாருங்கள்."

"விதைத்த மண்ணைத் தோண்டக் கூடாது. அது காட்டு வழக்கம்" என்று முள்ளைச் சிலிர்த்தது முள்ளம்பன்றி. "இனி ஆற்றுக்கு இந்தப் பக்கம் வராதே!"

என்ன அநியாயம் பாருங்கள்! அந்த வழக்கம் எப்போது வந்தது என்று ஒரு வாயும் கேட்கவில்லை. மான் தலையாட்டியது. முயல் தலையாட்டியது. கரடியும் சேர்ந்து தலையாட்டியது.

குருவி ஆற்றைத் தாண்டித் தன் வேலமரத்துக்குப் போனது. கோடை முழுக்க அது இரவில் அடைந்த கிளை அங்கேதான் இருந்தது; மழை தொடங்கியபின் அந்தப் பக்கம் போகவில்லை. ஆத்திரத்தோடு கீழே பார்த்தால், அதன் எச்சம் விழுந்த இடமெல்லாம் தூதுவளை, இலையும் முள்ளுமாக.

குருவிக்கே நம்ப முடியவில்லை. பிறகு கோபம் இரண்டு மடங்கானது. தின்றதற்கல்லவா ஏசினார்கள், தின்றதுதானே முளைத்திருக்கிறது! ஒரு இலைகூடக் கிடையாது என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டது. அப்போது அக்கரையிலிருந்து குட்டியின் இருமல் கேட்டது. தலையாட்டியது தாய், குட்டி என்ன செய்யும்?

இலையைக் கிள்ளிக்கொண்டு போய்க் கரடியின் முன்னால் போட்டது. "இந்தா, என் வேலமரத்தடியில் என் எச்சத்திலிருந்து முளைத்தது. முதலில் குட்டிக்குக் கொடு. கொடுத்துவிட்டு அந்தப் பாத்தியைத் தோண்டு. திருடி என்ற பேரோடு நான் பறக்க மாட்டேன்."

குட்டிக்கு இலையைக் கொடுத்த கரடி வழக்கம் பார்க்கவில்லை. எல்லாரும் ஓடிவந்து பார்க்க, நகத்தால் மண்ணை வாரி எறிந்தது. உள்ளே பழங்கள் வைத்தது வைத்தபடி, தோலும் சதையுமாக அழுகி நாறின.

முள்ளம்பன்றி தொண்டையைக் கனைத்தது. "நான் இவளை விரட்டியதால்தானே அங்கே முளைத்தது தெரிந்தது?"

"வாயை மூடு" என்றது கரடி.

"அன்றைக்கு நீ வாயைத் திறந்திருக்கலாமே" என்றது குருவி.

கரடி தலைகுனிந்தது. "ஆமாம். தப்பு என்னுடையதும்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னது.

குட்டியின் இருமல் நின்றது. அடுத்த விதைப்புப் பட்டத்தில் பழத்தைப் பிசைந்து, சதை போகக் கழுவி, விதையை மேலாகத் தூவினார்கள். குருவியின் வயிறு செய்த வேலை அதுதான் என்று இப்போது எல்லாருக்கும் புரிந்திருந்தது. பிசைந்தது முள்ளம்பன்றி. குருவி கிளையில் உட்கார்ந்து, சரியாகப் பிசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

முளைக்காததற்கு அடுத்தவர்மேல் பழி போடுகிறவர், முதலில் தாம் விதைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.