குழிக்கு எடுத்துப்போன பால்

அடித்த பாம்பைப் பால் ஊற்றிப் புதைப்பது அந்த மலையடி மடத்தின் வழக்கம். காலையில் விறகுக் கொட்டகையில் ஒன்றை அடித்த கயிலாயம், அதைத் தேக்கிலையில் ஏந்தி, கிண்ணத்தில் பாலோடு தோட்டத்துக்குப் போனார். மூத்த சீடர் அவர். தலை முழுக்க நரை.

குழியருகே அம்மை நின்றிருந்தார். மடத்தின் குரு, கயிலாயத்தைவிட இளையவர்.

"கிட்டத்தில் பார்த்தீர்களா?"

கயிலாயம் குனிந்தார். கண்கள் பாதி மூடியிருந்தன. தலையின் பக்கவாட்டில் ஊசிமுனை அளவுக்குக் காதுத்துளை.

"இமை இருக்கிறதே அம்மா! பாம்புக்கு ஏது இமை? இது காலில்லாத அரணை."

"விஷம்?"

"துளியும் கிடையாது. வாலைக்கூடக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தது. நான்தான் விடவில்லை."

இலையோடு அதை வேலிக்கு அப்பால் வீசினார். பாலோடு சமையற்கட்டை நோக்கி நடந்தார்.

கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலம்மாள் சிரித்தாள். "அடி வாங்கும்போது பாம்பு, பால் வாங்கும்போது அரணையா? நல்லா இருக்கு சாமி உங்க நியாயம்!"

அம்மை சிரிக்கவில்லை. "அடிக்கும்போது இமை தெரியவில்லையா?"

"கம்பு நீளம் அம்மா. எட்ட நின்றுதான் அடித்தேன்."

"சற்று முன் வாசலில் பேச்சுக் குரல் கேட்டதே?"

கயிலாயம் நின்றார்.

"ஒரு பெண். புருஷனுக்கு விஷம் வைத்தவள் என்று ஊரே சொல்கிறது. கோர்ட்டில் விட்டுவிட்டார்களாம். தங்க இடம் கேட்டாள். சேர்த்தால் ஊரார் நமக்கு அரிசி தர மாட்டார்கள். போகச் சொல்லிவிட்டேன்."

"முகம் எப்படி இருந்தது?"

"பார்க்கவில்லை. கதவைத் திறக்காமலே சொல்லிவிட்டேன்."

"அவள் என்ன சொன்னாள்?"

"ஏதோ சொன்னாள். சரியாகக் காதில் விழவில்லை."

வேலம்மாளின் கை பாத்திரத்தில் நின்றது. "'திரும்பிப் போனால் அடித்தே கொன்றுவிடுவார்கள்' என்றாள் சாமி. இங்கே இருந்த எனக்கே கேட்டதே."

"எந்தப் பக்கம் போனாள்?" என்றார் அம்மை.

"ஊருக்குத்தான். இங்கிருந்து வேறு பாதை ஏது?" என்றாள் வேலம்மாள்.

கயிலாயம் கிண்ணத்தைக் கிணற்று மேடையில் வைத்தார். "ஓடிப்போய் அழைத்து வருகிறேன் அம்மா. வெகுதூரம் போயிருக்க மாட்டாள்."

வேலிக்கு வெளியே, வீசிய இலையருகே ஒரு காகம் இறங்கியது. அம்மை அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"போங்கள். பாலையும் எடுத்துக்கொள்ளுங்கள்."