ஒன்ஸ்மோர் கேடயம் யாருக்கு?

தேவகோட்டையில் நாச்சம்மை ஆச்சியைத் தெரியாதவர்கள்கூட இருக்கலாம். ஆனால் நாடக வண்டி ஊருக்குள் நுழைகிற வாரத்தில் அப்படி ஒருத்தரும் இருக்க முடியாது. இசை நாடக ரசிகர் வட்டத்தின் செயலாளர் அவர். ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போகிற மருக்கொழுந்து நாடகக் குழுவைக் கெஞ்சி வரவழைப்பது, மண்டபம் பிடிப்பது, முடிவில் ஒன்ஸ்மோர் கேடயம் கொடுப்பது எல்லாம் அவர் தலையில்தான். முதல் இரண்டும் வேலை. மூன்றாவது வினை.

கேடயத்துக்கு ஒரே ஒரு விதி. ஆச்சியே எழுதியது. மேடைக்கு மேலே துணியில் கொட்டை எழுத்தில் தொங்கும்: “சபை கேட்டு, மறுபடி பாடிய பாட்டுக்கே கேடயம்.” எவ்வளவு லட்சணமான வாக்கியம்! அதை எழுதிய தன் வலது கையை ஆச்சி இப்போது முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று நாடகத்தில் நடந்தது இதுதான். ராஜபார்ட் ஏகாம்பரம் போர்க்களப் பாட்டைப் பாடி முடித்ததும் மண்டபமே “ஒன்ஸ்மோர்!” என்று அலறியது. அவர் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டார். “தொண்டை நாளைக்கும் வேணும் சாமிகளா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்து பபூன் செவத்தியான் மாமியார் பாட்டுப் பாடினார். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் யாருக்கும் ஒன்ஸ்மோர் கேட்க மூச்சு இல்லை. அவரோ யாரும் கேட்காமலே அதை இன்னொரு முறை பாடிவிட்டார். கடைசியாக ராணி வேஷம் கட்டிய பொற்கொடி சோகப் பாட்டை எடுத்தாள். இரண்டாவது அடியில் மைக் செத்தது. அவள் நிறுத்தவில்லை, வெறும் தொண்டையில் பாடி முடித்தாள். மண்டபம் முழுக்கக் கூச்சல். மைக் உயிர் பெற்றதும் முதலிலிருந்து மறுபடி பாடினாள்.

இன்று சாயங்காலம் குழு கிளம்புகிறது. கேடயத்தில் பேர் வெட்டுகிறவர் உளியோடு ஆச்சி வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். குழுத் தலைவர் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார்: “போன வருஷம் மாதிரி ஆளுக்கொரு நியாயம் பேசி அடிச்சுக்கிட்டீங்கன்னா, அடுத்த வருஷம் நம்ம வண்டி இந்த ஊருப் பக்கம் திரும்பாது ஆச்சி. மூணு பேரும் வாயடைக்கிற மாதிரி ஒரு பேரைச் சொல்லுங்க.”

மூணு பேர் என்று அவர் சொன்னது வட்டத்தின் மூன்று தூண்களை. தூண்கள் என்றால், ஆச்சியின் நடு மண்டையில் நட்ட தூண்கள்.

“ஆச்சி, இங்க பாருங்க” என்றார் பிரியாணிக் கடை கௌஸ் பாய். குரல் தேங்காய் துருவுகிற மாதிரி கரகரத்தது. “ராஜபார்ட்டுக்குத்தான். சபை கேட்டுச்சா இல்லையா?”

“கேட்டுச்சு பாய். அவர் பாடலையே!”

“பாடலைன்னா? பெரிய வித்வான், மனசுக்குள்ள பாடியிருப்பாரு.”

ஆச்சி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“அட்டென்ஷன்!” என்றார் டிரில் மாஸ்டர் ஸ்தனிஸ்லாஸ். அவர் வணக்கம் சொல்வதும் அப்படித்தான். “கேட்டுன்னா என்ன அர்த்தம்? காதால கேட்டு! பபூன் பாட்டைச் சபை கேட்டுச்சு. அவர் மறுபடி பாடினார். விதி முடிஞ்சது. கலையலாம்!”

“கேட்டுன்னா, வேணும்னு கேட்டு, சார்” என்றார் ஆச்சி.

“எங்க எழுதியிருக்கு?”

எங்கும் எழுதவில்லை. அதுதானே சங்கடம்.

மூன்றாவது தூண் நர்ஸ் மரகதம், பொற்கொடிக்காக அழுவதற்கென்றே கைக்குட்டை கொண்டுவந்திருந்தாள். “பாவம் ஆச்சி அந்தப் புள்ள! எல்லாரும் கேட்டாங்க, மறுபடி பாடுச்சு. வேற என்ன வேணும்?”

“எல்லாரும் கேட்டாங்களா!” மாஸ்டர் எகிறினார். “கடைசி வரிசையில என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே? மைக் போனப்புறம் ஒரு வார்த்தை நம்ம காதுல விழுந்துச்சா? ‘கேக்கலை, கேக்கலை’ன்னு பின்னாடி அத்தனை பேரும் கத்துனோமே, அதுக்குப் பேரு ஒன்ஸ்மோரா? காதுல விழாத பாட்டுக்குக் கேடயம் குடுத்தா ஊர் சிரிக்கும்மா!”

மரகதத்தின் கைக்குட்டை நனைந்தது.

“அந்தப் பொண்ணு நல்லாத்தான் பாடுச்சு” என்று கௌஸ் பாய் பெருந்தன்மையாகச் சொன்னார். “மைக் இல்லாமலே முன்வரிசையில எங்களை அழ வச்சிருச்சு. ஒன்ஸ்மோர் ஒன்ஸ்மோர்னு நாங்க கத்தின கத்துல பாருங்க, என் தொண்டை இப்படி ஆயிருச்சு. ஆனாலும் ராஜபார்ட்டு ராஜபார்ட்டுதான்.”

“ஸ்டாண்ட் அட் ஈஸ் பாய்! பபூன்தான்!”

“ஏன்யா, நீ என்ன எனக்கு விசில் ஊதுறே?”

வாசலிலிருந்து பேர் வெட்டுகிறவர் எட்டிப் பார்த்தார். “ஆச்சி, சண்டை முடிஞ்சதும் சொல்லுங்க. நான் டீ குடிச்சிட்டு வந்துர்றேன்.” வெளியே நாடக வண்டியில் பெட்டிகளை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

ஆச்சி எழுந்தார். மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். ஒரு பேரைச் சொன்னார். ஏன் என்றும் சொன்னார். மூன்று வாயும் ஒரே நேரத்தில் மூடின. தேவகோட்டையில் அப்படி ஒரு மௌனத்தை யாரும் அதுவரை கேட்டதில்லை.

எல்லாவற்றையும் நீங்களும் கேட்டாயிற்று. ஆச்சி சொன்ன பேர் யாருடையது? எந்த நியாயத்தால்?

விடை: பொற்கொடி. ‘கேட்டு’ என்பதற்குக் காதால் கேட்டு என்றும் பொருள் கொள்ளலாம், வேண்டும் என்று கேட்டு என்றும் கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும் தோற்காத பாட்டு எது? ராஜபார்ட் மறுபடி பாடவில்லை. பபூனை யாரும் பாடச் சொல்லவில்லை. பொற்கொடியின் பாட்டு கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்பது மெய்தான். ஆனால் அவர்கள் கத்தியது ‘கேக்கலை’. ஒன்ஸ்மோர் என்று கத்தியது முன்வரிசை. அவர்கள் பாட்டைக் காதாரக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வேண்டும் என்று கேட்டவர்கள். அதற்குச் சாட்சி சொன்னது கௌஸ் பாயின் கட்டிய தொண்டையேதான். கேடயத்தில் பேர் வெட்டியாயிற்று, வண்டியும் அடுத்த வருஷம் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியது. அது தெருமுனை திரும்புவதற்குள், விதியில் ‘கேட்டு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு எந்தச் சொல்லைப் போடலாம் என்று மூன்று தூண்களும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆச்சி கதவைச் சாத்திக்கொண்டார்.