தூக்கணாங்குருவி கிணற்றுக்குக் குடிபோன கதை

அந்தக் காலத்தில் தூக்கணாங்குருவிகள் கிணற்றுப் பக்கமே போகமாட்டா. மனிதரோடு பேசிப் பழகிய பறவைகள் என்பதால், வீட்டுக் கூரையின் தாழ்ந்த ஓரமான இறவாரத்தில்தான் கூட்டைத் தொங்கவிடும். கூட்டுக்கு வேண்டிய நாரைக் கூரையிலிருந்தே உருவிக்கொள்ளும். வீட்டுக்காரர்களும் கண்டுகொள்ளமாட்டார்கள்.

கரிசல் காட்டோரம் ஓர் ஊரில் வேலம்மாள் என்றொருத்தி இருந்தாள். அவளுடைய வீட்டு இறவாரத்தில் ஒரு ஜோடிக் குருவி குடியிருந்தது. ஐப்பசி மழைக்கு முன்பு பெண்குருவி முட்டையிட்டது; தீபாவளி வந்தபோது கூட்டுக்குள் மூன்று குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

அந்தத் தீபாவளி வேலம்மாளின் மகள் தங்கபுஷ்பத்துக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை கொம்பையா வண்டி நிறைய வெடிகளோடு வந்து இறங்கினான். அவற்றில் பெரியது, மண்கூட்டில் மருந்தைக் கெட்டியாக அடைத்த ஒரு புஸ்வாணம். பூசணிக்காய் அளவு இருந்தது. அதைக் கொளுத்தினால் பனைமர உயரத்துக்குப் பூ எழும்பும் என்று போகிற இடமெல்லாம் சொல்லிவைத்தான். பொழுது சாயும்போது ஊரில் பாதிப்பேர் வேலம்மாள் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள்.

கொம்பையா புஸ்வாணத்தை முற்றத்தில் வைத்தான். இறவாரத்திலிருந்து ஆண்குருவி இறங்கி வந்து முருங்கைக் கிளையில் உட்கார்ந்தது.

"மாப்பிள்ளை, இது ஓலைக் கூரை. உள்ளே எங்க பிள்ளைகளும் இருக்கு. கொஞ்சம் தள்ளிக் களத்துமேட்டுல வச்சுக் கொளுத்தக் கூடாதா?"

"அவ்வளவு தூரம் போனா, வீட்டுக்குள்ள இருக்கிற பெரியவங்க எப்படிப் பார்ப்பாங்க? இது நேரா மேலே போற சாமான். பக்கத்துல ஒரு பொறிகூட விழாது."

தங்கபுஷ்பம் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, குருவி சொல்றதும் சரிதானே?" என்றாள்.

"எனக்குத் தெரியாததா புள்ள?" என்றான் கொம்பையா. கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் மேலே பேச அவளுக்கு மனம் வரவில்லை.

கொம்பையாவும் ஒன்றும் தெரியாதவன் அல்ல. புதுப்பட்டு வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டினான். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னான். நீளக் குச்சியின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி, கையை நீட்டித் திரியைப் பற்றவைத்தான். திரி சீறிக்கொண்டே உள்ளே போனது. கொம்பையா பின்னால் நகர்ந்து இடுப்பில் கைவைத்து நின்றான்.

ஒன்றும் நடக்கவில்லை.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள். பிறகு யாரோ சிரித்தார்கள். "மாப்பிள்ளை, பனைமரம் இன்னும் முளைக்கலையே" என்றது ஒரு குரல். முற்றம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

கொம்பையாவுக்குக் காது சூடானது. விறுவிறுவென்று போய்ப் புஸ்வாணத்தின் மேல் குனிந்து பார்த்தான்.

"மாப்பிள்ளை, முகத்தை எடுங்க. அது உள்ளுக்குள்ள கனலுது" என்றது குருவி. அதன் குரல் கொம்பையாவின் காதில் ஏறவில்லை. "நமத்துப்போன சனியன்" என்று சொல்லி, அதை ஒரு கையால் தூக்கி வீட்டுப் பக்கமாக வீசினான்.

கையை விட்டுப் போன கணத்தில் அது விழித்துக்கொண்டது. அவன் உள்ளங்கையைச் சுட்டு, மீசையின் ஒரு பக்கத்தைக் கருக்கிவிட்டு, சுவரோரம் விழுந்து கூரையைப் பார்த்துப் பூவைக் கக்கியது. சொன்னபடியே பெரிய பூதான். இறவாரத்து ஓலை பற்றிக்கொண்டது. கூட்டுக்கும் நெருப்புக்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை. பெண்குருவி வெளியே வராமல் குஞ்சுகளின்மேல் சிறகை விரித்துப் படுத்துக்கொண்டது.

கூட்டம் கத்திக்கொண்டு சிதறியது. கொம்பையா சுட்ட கையை உதறிக்கொண்டு இறவாரத்தடியிலேயே நின்றான். கிணறு தெருக்கோடியில் இருந்தது.

தங்கபுஷ்பம் தொழுவத்துக்கு ஓடினாள். மாட்டுக்காக நிரப்பி வைத்திருந்த கழுநீர்ப் பானையைத் தூக்கி வந்து, வந்த வேகத்தோடு கூரையின்மேல் வீசி ஊற்றினாள். நெருப்பு சுருண்டது. வேலம்மாள் அடுத்த பானையைக் கொண்டுவந்தாள். அந்தத் தண்ணீரில் பாதி ஓலைக்குப் போனது. மீதியைச் சுவரோரம் கிடந்து சீறிக்கொண்டிருந்த புஸ்வாணத்தின்மேல் தங்கபுஷ்பம் கொட்டினாள், அது கடைசியாக ஒருமுறை முனகி அடங்கியது.

கூடு ஒருபக்கம் கருகி, சோற்றுப் பருக்கை வழியத் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்குருவி தலையை நீட்டியது. பின்னாலேயே மூன்று குஞ்சுகளும் வாயைத் திறந்து இரை கேட்டன.

கொம்பையாவும் தலையிலிருந்து கால்வரை கழுநீரில் நனைந்திருந்தான். தங்கபுஷ்பம் அவனுடைய கையைப் பிடித்துக் குளிர்ந்த நீரில் முக்கிவைத்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ அவனுடைய பாதி மீசையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அது என் முகத்துல வெடிச்சிருக்கும், புஷ்பம்" என்றான் மெதுவாக.

"ஆமாங்க" என்றாள் அவள். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் கொம்பையா ஏணி வைத்து ஏறிக் கூரைக்குப் புது ஓலை வேய்ந்தான். வேலை முடிந்ததும் குருவியிடம், "இனிமே இங்க ஒரு பயமும் இல்ல. எல்லா வெடியையும் களத்துமேட்டுல தண்ணியோடதான் போடுவேன்" என்றான்.

"உங்கமேல கோபமில்ல மாப்பிள்ளை. ஆனா உங்க வீட்டுக்காரி கைக்கு அந்தப் பானை கிடைக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு என் வீட்டுக்காரி கேக்கிறா. தண்ணி பக்கத்துல இருந்தாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும்."

குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்ததும் குருவிகள் தெருக்கோடிக்குப் போயின. கிணற்றுக்கு மேலே சாய்ந்திருந்த கருவேலங் கிளையின் நுனியில் புதுக்கூடு கட்டின. ஊருக்குத் திரும்பும் முன் கொம்பையா இடைஞ்சல் முள்ளை வெட்டிக் கொடுத்தான். தாய்வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் தங்கபுஷ்பம் அண்ணாந்து அவற்றிடம் நலம் விசாரித்துவிட்டு வருவாள்.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவிகள் தண்ணீருக்கு மேலே கூடு கட்டுகின்றன. தீபாவளியன்று நம் வீட்டுப் பெண்களும் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தபிறகே ஊதுபத்தியை எடுத்துக் கொடுக்கிறார்கள். வெடிக்காமல் நின்ற வெடியிடம் யாரும் முகத்தைக் கொண்டுபோவதில்லை, பொறுத்திருந்து தள்ளி நின்று தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள்.