ஆற்றங்கரைக்குத் தண்ணீர் கொடுத்த ராஜா

வெகு காலத்துக்கு முன்னே, ஒரு மலைக்கும் ஓர் ஆற்றுக்கும் நடுவில் இருந்த வெண்குன்ற நாட்டைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவன் காதில் கடைசியாக யார் பேசினாரோ, அவர் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம். கடைசியாகப் பேசுவதற்கென்றே சேந்தன் என்ற பிரபு ஒருவன் அரண்மனையில் இருந்தான். மந்திரி பூதனின் ஆசனத்தின் மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

அந்த நாட்டில் பெரும்பாலோர் மலைச்சாமியைக் கும்பிட்டார்கள். ஆற்றங்கரையில் ஓடம் விட்டும் மீன் பிடித்தும் பிழைத்த சில ஆயிரம் பேர் ஆற்றம்மையைக் கும்பிட்டார்கள். ஒரு வருஷம் மலைச்சாமி திருவிழாவில், ஆற்றங்கரைக்காரன் ஒருவன் ஆற்றம்மை பேரைக் கத்திக்கொண்டே கூட்டம் நிறைந்த பந்தலில் தீப்பந்தத்தை எறிந்தான். ஏழு பேர் செத்துப்போனார்கள். எறிந்தவன் அங்கேயே பிடிபட்டான், தண்டனையும் பெற்றான். ஆனால் ஊரின் கோபம் அடங்கவில்லை. கடைத்தெருவில், கோயில் வாசலில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு.

சபையில் சேந்தன் எழுந்தான். “மகாராஜா, செத்த ஏழு பேரும் மலைச்சாமி ஆட்கள். ஒருத்தனைத் தண்டித்தால் போதுமா? அவன் கத்தியது யார் பேரை? ஆற்றம்மை பேரை. அந்தப் பேரைச் சொல்கிற அத்தனை பேருக்கும் இதில் பங்கு உண்டு.”

பூதன் சிரித்தார். “போன மாதம் ஒரு திருடன் உங்கள் பேரைச் சொல்லித்தான் கடைகளில் வசூல் செய்தான், பிரபுவே. உங்களையும் உள்ளே போட்டிருக்கலாமோ?”

சபை குலுங்கியது. ராஜா சிரிக்கவில்லை. செத்தவர்களின் நினைப்பு அவன் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. “ஆற்றங்கரை முழுவதும் இன்று பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போகட்டும்!” என்றான்.

“பொழுது சாய்ந்தும் ஒருவராவது மிஞ்சினால் மந்திரியும் கூடவே போகட்டும்,” என்று சேந்தன் ஒத்து ஊதினான்.

“அப்படியே!” என்றான் ராஜா.

பூதன் கை கூப்பினார். “உத்தரவு மகாராஜா. தங்கள் பாட்டனார் வைத்த சொம்பை மட்டும் எடுத்துவரச் சொல்கிறேன்.”

அந்த நாட்டில் பாட்டனார் காலத்திலிருந்து ஒரு வழக்கம் இருந்தது. தண்டனை பெறுகிறவர் எதிரே ராஜாவே நின்று, தன் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, “நீ இன்னது செய்தாய்” என்று முகம் பார்த்துச் சொல்லவேண்டும். அவர் “செய்தேன்” என்று ஒப்புக்கொண்டு குடிக்கவேண்டும். மறுத்தால் பழி சொன்னவர் நிரூபிக்கவேண்டும். அதன் பிறகே தண்டனை.

“அத்தனை பேருக்குமா?” என்றான் சேந்தன்.

“எங்கள் வம்சத்தில் யாரும் இந்த வழக்கத்தை மீறியதில்லை. கூப்பிடு!” என்றான் ராஜா, மீசையை முறுக்கிக்கொண்டு.

வந்தார்கள். அடேயப்பா, எப்பேர்ப்பட்ட வரிசை! அரண்மனை வாசலில் தொடங்கி, கடைத்தெருவைத் தாண்டி, ஆற்றுத்துறை வரைக்கும் நீண்டது. கைக்குழந்தைகள், கிழவர்கள், வலை நாற்றம் போகாத இளைஞர்கள். கல்லெறியக் காத்திருந்த கடைக்காரர்கள்கூடக் கல்லைக் கீழே போட்டார்கள். மாடத்திலிருந்து பார்த்த ராஜா, சபையார் பின்தொடர வாசலுக்கு இறங்கி வந்தான்.

முதலில் வந்தவள் நாச்சி என்ற ஓடக்காரி. ராஜா சொம்பை நீட்டினான். “நீ...” என்று தொடங்கினான். மேலே வார்த்தை வரவில்லை. சேந்தன் பக்கம் திரும்பினான். “இவள் என்ன செய்தாள்?”

“தீப்பந்தம் எறிந்தவனுடைய ஆட்களில் ஒருத்தி, மகாராஜா.”

“அது இவள் யார் என்பது. இவள் என்ன செய்தாள்?”

சேந்தன் விடவில்லை. “இன்றைக்குச் செய்யாவிட்டாலும் நாளைக்குச் செய்வாள்.”

நாச்சி தலை நிமிர்ந்தாள். “மகாராஜா, பந்தல்ல செத்த ஏழு பேர்ல எங்க வீட்டுக்காரரும் ஒருத்தர். உள்ளே மாட்டிக்கிட்ட பிள்ளைங்களை வெளியே இழுத்துப் போட ஓடினாரு. திரும்பி வரல.”

ராஜா சொம்பைத் தாழ்த்தினான். “ஏழு பேரும் மலைச்சாமி ஆட்கள் என்றல்லவா சொன்னாய், சேந்தா?” என்று உறுமினான். பிறகு குரல் தணிந்து, “அம்மா, நீ இங்கேயே இரு. உன்னைப்போல் நல்லவர்கள் எல்லாரும் இருக்கலாம்,” என்றான்.

நாச்சி அசையவில்லை. பின்னால் நின்ற ஒரு பருத்த மீன்காரனைக் காட்டினாள். “இவரு யாரையும் காப்பாத்தல, மகாராஜா. அன்னைக்கு வீட்ல படுத்துத் தூங்கிட்டிருந்தாரு. இவரும் இருக்கணும்.”

பூதனுக்கே கண் கலங்கிவிட்டது. சொம்பை எடுத்துவரச் சொன்னவர் அவர்தான். ஆனால் இப்படி ஒரு வார்த்தையை அவரும் எதிர்பார்க்கவில்லை.

ராஜா மீன்காரனைப் பார்த்தான். பிறகு சேந்தன் முன்னே போய்ச் சொம்பை நீட்டினான். “நீ பொய் சொன்னாய். ஒருவன் செய்ததற்கு ஆயிரக்கணக்கான பேரைத் துரத்தப் பார்த்தாய்.” இந்த முறை அவன் யாரையும் கேட்கவில்லை, வார்த்தை தானாக வந்தது. சேந்தன் “செய்தேன்” என்று முணுமுணுத்துக் குடித்தான். பிரபுப் பட்டமும் அரண்மனை வாசமும் அன்றே போயின.

“யாரும் போகவேண்டாம்,” என்றான் ராஜா. “பூதரே, என் ஆயுள் உள்ளவரை நீர்தான் மந்திரி. ஆனால் உத்தரவு போட்டவன் நான். எனக்கு யார் தண்ணீர் கொடுப்பது?”

பூதன் சொம்பில் புதுத் தண்ணீர் நிரப்பி நாச்சியிடம் கொடுத்தார். அவள் சொம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ராஜாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நீங்க விசாரிக்காம எங்களைக் குத்தவாளி ஆக்கினீங்க, மகாராஜா.”

காவலர்களின் கை வாளுக்குப் போயிற்று. ராஜா மணிமுடியைக் கழற்றிப் பூதனிடம் கொடுத்தான். குனிந்து இரண்டு கையையும் குவித்தான்.

“செய்தேன்,” என்று சொல்லிக் குடித்தான்.